உத்திரமேரூர்ச் சீமையும் மசக்கைத் தாய்மார்களும்

அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருத்தலத்திற்குச் சென்னையிலிருந்து செல்லும் நம் குடும்பங்கள், செங்கற்பட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் கடந்தபின், மதுராந்தகத்திற்கு முன்னால் புக்கத்துறைக் கூட்டுச் சாலையைக் கண்டிருப்பார்கள். பெரும்பாலோர் நேரே தெற்கு நோக்கிச் சென்றுவிடுவர். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை உத்திரமேரூருக்குப் போகிறது. இரு மருங்கிலும் நெல்வயல்கள், இடையிடையே உயர்ந்த ஏரிக்கரைகள், பனைமரங்கள், செங்கற்சூளைகள், கருங்கல் குவாரிகளின் வெண்புழுதி: இதுவே இச்சீமையின் தோற்றம். விடியுமுன்னரே ஊர்முனைகளில் கம்பெனி வண்டிகள் வந்து நின்று, இளம் பெண்களை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் செல்கின்றன. மற்றவர்கள் நாற்று நடவும், களை எடுக்கவும், நூறுநாள் வேலைக்கும் புறப்படுகிறார்கள்.

இந்த ஊருக்கு வருவோர் பொதுவாகப் பழைய கல்வெட்டைக் காணவே வருகிறார்கள். நாமும் அதனைக் காண்போம். ஆயினும் இக்கட்டுரையின் நோக்கம் அதனோடு முடிவதில்லை. கருவுற்ற பெண்ணைப் படுக்கையில் தள்ளும் கடுமையான வாந்தி நோயைப் பற்றியும், அந்நோயில் அவளுக்குத் துணைநிற்கும் எளிய மனிதர்களைப் பற்றியும் இந்தச் சீமையின் வழியே நடந்துகொண்டு சிந்திப்பதே நோக்கம்.

கல்லில் எழுதிய ஊராட்சி

உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ஊர் நடுவே வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபம். அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை விளக்குகின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பொறுப்புகள் பகுக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர இயலாது என்ற விதியைப் படிக்கும்போது எவருக்கும் வியப்புத் தோன்றும்.

ஏரிக்கு ஒரு வாரியம் வைத்த சபை அது. ஆனால் நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. பிள்ளை பெறுவதும், அதற்குமுன் படும் பாடும் வீட்டுக்குள் பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியங்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்தது.

மூன்று ஆறுகளின் கரையில்

உத்திரமேரூர் வட்டத்தின் வடபுறத்தில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம் ஆதலால் அப்பெயர். மழைக்காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணல்வெளியே கண்ணிற்படும். ஆற்றங்கரையில் நிற்கும் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. மருத்துவ வரலாறு எழுதுவோர் அதைத் தவறாமல் குறிப்பிடுவர்.

அங்கே 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை, அதாவது நோயாளர் விடுதி, நடந்தது. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளரைக் கவனித்து மருந்து காய்ச்சும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர்களும், அவரவர்க்குரிய நெல்லும் காசும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் உண்டு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நோயாளர் பணிக்கென ஊதியம் பெற்ற பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பது பெருமைக்குரியது. அதே சமயம் அந்த விடுதி கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியது என்பதையும் நினைக்கவேண்டும். வயலில் நாற்று நட்ட பெண் வாந்தியெடுத்துத் துவண்டபோது அவளுக்குத் துணை, அவள் வீட்டுத் திண்ணையும் ஊர் மருத்துவச்சியும்தான்.

மசக்கை எப்போது நோயாகிறது?

கருவுற்ற பெண்ணின் விருப்பு வெறுப்புகளைத் தமிழர் பழங்காலந்தொட்டே கவனித்திருக்கின்றனர். தொல்காப்பியம் உரியியலில் 'வயா' என்ற சொல்லுக்குப் பெருகிய வேட்கை என்று பொருள் கூறப்பட்டுள்ளது. சூலுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்பதைப் புறநானூறு அறியும். மாங்காயும் புளியும் சாம்பலும் கேட்கும் மசக்கைக்காரியைப் பற்றி நம் வீடுகளில் கேலிப் பேச்சுகளுக்கும் குறைவில்லை.

கருவுற்றோரில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் குமட்டலையோ வாந்தியையோ காண்கிறார்கள். ஐந்தாறு வாரங்களில் தொடங்கி, பெரும்பாலோர்க்கு நான்காம் ஐந்தாம் மாதத்தில் அது தணிந்துவிடும். இது இயல்பான மசக்கை. ஆனால் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை வேறொரு நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். குடித்த தண்ணீரும் தங்காது. தாளிக்கும் வாசனை, சோறு வடிக்கும் ஆவி, சோப்பின் மணம், கணவனின் சட்டையில் படிந்த புகை நெடி, எதுவும் குடலைப் புரட்டும். சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகும். எழுந்து நின்றால் கண் இருட்டும். கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிடும். 45 கிலோ எடையுள்ள பெண் சில வாரங்களில் இரண்டேகால் கிலோவை இழந்தால், அதனைச் சாதாரண மசக்கை என்று விட்டுவிடலாகாது. மருத்துவர் இதனைக் கர்ப்பகால மிகைவாந்தி என்பர். சிலருக்குப் பிரசவம் வரையிலும் அது விடாது.

இதற்கு ஏழை பணக்காரர் என்ற வேற்றுமை இல்லை. 1855இல் மறைந்த ஆங்கில நாவலாசிரியை சார்லட் புரோண்டி இந்நோயாலேயே இறந்திருக்கவேண்டும் என்பது பலர் கருத்து. 2012 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் இதற்காகவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அரண்மனைக்கும் குடிசைக்கும் உள்ள வேறுபாடு, உரிய நேரத்தில் உப்புநீர் நரம்பில் ஏறுகிறதா இல்லையா என்பதில்தான்.

பாசாங்கு என்ற பழி

இந்நோயில் வாந்தியைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது, பிறர் நம்ப மறுப்பது. 'நாங்கள் பெறாத பிள்ளையா?', 'வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள்', 'தாய்வீடு போக ஒரு சாக்கு' என்ற சொற்கள் நம் ஊர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு மருத்துவர் பலரும், கணவனையோ கருவையோ மனம் வெறுப்பதால் இது வருகிறது என்று எழுதி வைத்தார்கள்.

அமெரிக்காவில் மார்லீனா ஃபீஜோ என்ற மரபியல் அறிஞர் 1999இல் கருவுற்றபோது அசையவும் முடியாதபடி இந்நோயில் வீழ்ந்தார். பிறர் கவனத்தை ஈர்ப்பதற்காக அவர் இப்படிச் செய்கிறார் என்று மருத்துவர் ஒருவர் கருதினார். பதினைந்தாம் வாரத்தில் கரு இறந்தது. அந்தத் துயரத்தை அவர் ஆராய்ச்சியாக மாற்றினார். கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜி.டி.எஃப். 15 என்ற சுரப்புப் பொருளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் அவர் குழு சுட்டிக்காட்டியது. 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டீபன் ஓராஹிலி முதலியோருடன் வெளியிட்ட ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. கருவுறுமுன் இப்பொருள் உடலில் குறைவாக உள்ள பெண்ணுக்கு, அது திடீரெனப் பெருகும்போது மூளை தாங்காமல் வாந்தியைத் தூண்டுகிறது. இந்த ஆய்வில் நம் அண்டை நாடான இலங்கைப் பெண்களுக்கும் பங்குண்டு. தலசீமியா என்ற இரத்த நோயுடைய அவர்களுக்கு இச்சுரப்பு இயல்பிலேயே மிகுதி. அவர்கள் கருவுற்றபோது வாந்தி மிகக் குறைவாக இருந்ததைக் கண்டார்கள்.

ஆகவே இது மனக்கோணலும் அன்று, சோம்பலும் அன்று. உடலில் நிகழும் மாற்றத்தால் வரும் நோய் என்று அறிவியல் கூறிவிட்டது. இனி அதை நம்பவேண்டியது வீட்டார் பொறுப்பு.

நர்ஸம்மாவின் வழி

உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் நோயுற்ற பெண்ணுக்கும் மருத்துவத்திற்கும் நடுவே நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரார் நாவில் அவர் 'நர்ஸம்மா'. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு கணக்கு. குக்கிராமங்களும், ஏரிக்கு அப்பால் உள்ள காலனிகளும், இருளர் குடியிருப்புகளும் அவர் எல்லைக்குள் அடங்கும். தோள்பையில் இரத்த அழுத்தக் கருவியும், மாத்திரைகளும், பதிவேடும் சுமந்து அவர் வீடுவீடாகப் போகிறார். அங்கன்வாடி ஊழியர் சத்துமாவு கொடுக்கும்போதே யார் மெலிந்திருக்கிறார்கள் என்று கவனித்து அவருக்குச் சொல்கிறார்.

பன்னிரண்டு வாரத்திற்குள் கருவைப் பதிவு செய்யச் சொல்வது இவர்களின் முதல் வேலை. பதிவு எண் கிடைத்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பயன் கிடைக்கும். 1987இல் தொடங்கிய அத்திட்டம், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணத்தைக் காட்டிலும் பெரிய நன்மை, அந்தப் பெண் ஒருவர் கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறாள் என்பதே.

இங்கேதான் நம் வழக்கமொன்று குறுக்கே நிற்கிறது. மூன்று மாதம் முடியுமுன் செய்தியை வெளியே சொல்லலாகாது, கண்பட்டுவிடும் என்பார்கள். ஏழாம் மாதம் ஊரைக்கூட்டி வளையல் அடுக்கி, ஐந்துவகைச் சோறு ஆக்கிப் போடுகிறோம். அப்பொழுதோ பெரும்பாலோர்க்கு வாந்தி நின்று நெடுநாளாகியிருக்கும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில், ஒருவாய்க் கஞ்சிக்கும் வழியின்றி அவள் கிடக்கும்போது, வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரிவதில்லை. துன்பம் உச்சத்திலிருக்கும் காலமும் மௌனம் காக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் ஊரிலும் இல்லை, போன இடத்தில் அவர்களை அறிந்தவரும் இல்லை.

செய்தி எட்டிவிட்டால் வழி திறந்தே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்து, நரம்பில் உப்புநீர் ஏற்றுவார்கள். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளன்று கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் தனிப் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் உத்திரமேரூர் அரசு மருத்துவமனை, அதற்குமேல் காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனை, செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2008 முதல் 108 வண்டி இருப்பதால் இரவென்று அஞ்சவேண்டியதில்லை.

ஒரு நுட்பத்தை மட்டும் இல்லறத்தார் அறிந்திருப்பது நல்லது. 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெளிந்துவிடுவாள்' என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல வாரம் வாந்தியெடுத்தவளின் உடலில் தயமின் என்னும் உயிர்ச்சத்து வற்றிப் போயிருக்கும். அதனைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். எனவே எத்தனை நாளாக வாந்தி என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறி, எதை ஏற்றுவது என்பதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

மருந்தென்றாலே கருவுக்குக் கேடு என்ற அச்சமும் பரவலாக உள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை மசக்கைக்கு உண்ட தாய்மாரின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கைகால் குறையோடு பிறந்தனர்; 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. அக்கொடுமைக்குப் பின் மருந்துகளைச் சோதிக்கும் முறையே மாறிவிட்டது. பல்லாண்டு பயன்பாட்டில் தீங்கற்றவை என்று கண்ட வாந்தி மருந்துகள் இன்று உண்டு. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை ஒளித்துவைத்து அவளைப் பட்டினி போடுவதே கருவுக்குப் பெருங்கேடு.

துணைநின்ற பெண்கள்

இந்தச் சீமைக்குக் கிழக்கே, திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில், தலித் பெண்கள் பன்னிருவர் சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து 1981இல் 'ரூவ்செக்' என்னும் கிராமியப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். தங்கள் உடலைப் பற்றித் தாங்களே கற்று, மற்றப் பெண்களுக்கும் எளிய தமிழில் கற்பித்தார்கள். கர்ப்பத்தில் வரும் துன்பத்தை விதியென்று பொறுக்கவேண்டியதில்லை என்று கூலிப்பெண்கள் தம்முள் பேசிக்கொள்ள அத்தகைய கூட்டங்களே இடந்தந்தன. இங்கிலாந்தில், இந்நோயில் உழன்று மீண்ட பெண்களே தொண்டர்களாகி, இப்போது உழல்பவளிடம் தொலைபேசியில் நாள்தோறும் பேசித் துணையிருக்கும் அமைப்பொன்று நடைபெறுகிறது. பட்டவர் சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டல்லவா?

நம் அருட்கன்னியர் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. துறவறப் பெண்கள் பிரசவ மருத்துவம் செய்வதைத் திருச்சபைச் சட்டம் ஒருகாலத்தில் தடுத்திருந்தது. ஆண் மருத்துவர் முன் வர மறுத்து மடியும் இந்தியப் பெண்களைக் கண்ட டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் முதுமையிலும் உரோமைக்குப் பன்முறை சென்று மன்றாடினார். அவர் வழிவந்த அன்னா டெங்கல் 1925இல் மருத்துவத் துறவுச் சபையொன்றை நிறுவினார். 1936 பிப்ரவரி 11ஆம் நாள் தடை நீங்கியது. இதனிடையே 1920 முதல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், மருத்துவரும் கன்னியருமான மேரி குளோரி ஆயிரமாயிரம் தாய்மாரைக் கவனித்துவந்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தையும் அவரே தோற்றுவித்தார். வாசலைத் தட்டுவதற்குத் துணிந்த பெண்களாலேயே இத்தனையும் ஆயிற்று.

இல்லத்தார் செய்யவேண்டியவை

மருத்துவமனை செய்வதில் பாதியை வீடு செய்யவேண்டும். சமையலை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மாமியாரோ கணவனோ உலை வைத்தால் குலப்பெருமை குறைந்துவிடாது. 'பிள்ளைக்காகச் சாப்பிடு' என்று வற்புறுத்தாமல், அவளால் ஏற்க முடிந்ததை, முடிந்த நேரத்தில், இரண்டு வாயாகக் கொடுக்கலாம். ஆறிய உணவில் நெடி குறைவு. உப்பிட்ட நீராகாரம், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் கரண்டி கரண்டியாகப் பருகலாம். இரும்புச் சத்து மாத்திரை வாந்தியை மிகுவித்தால், அதை எப்போது தொடங்குவதென்று செவிலியரைக் கேட்கவேண்டும்.

ஒருநாள் முழுதும் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், பார்வை இரட்டையாதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாளைக்கென்று ஒத்திப்போடலாகாது.

கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டமும் துணை செய்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டப்படி, பிரசவ விடுப்பு நீங்கலாக, கர்ப்பத்தால் விளைந்த நோய்க்கென்று ஒரு மாதம் வரை ஊதியத்துடன் கூடுதல் விடுப்பு பெற வழிவகுக்கப்பட்டது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும் என்பதை அறியாமல், வாந்திக்காக வேலையை இழந்துவிடும் பெண்கள் பலர்.

திருமுக்கூடலில் இரண்டு பெண்கள் மருந்து காய்ச்சிய விடுதி இன்று இல்லை. அவர்கள் பெற்ற நெற்கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது. இன்றைய நர்ஸம்மாவின் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. அவர் நம் தெருவுக்கு வரும் நாள் எதுவென்று தெரிந்து வைத்துக்கொள்வோம். நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு பெண் இரண்டாம் மாதத்திலேயே எழ முடியாமல் படுத்திருந்தால், வளைகாப்புவரை காத்திராமல் அன்றே அவரிடம் சொல்வோமாக.